கணினியின் அவதானம்

பல்லாவரத்தில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்னைப் பூங்கா நிலையத்தில் இறங்குவோர், சாலைக்கு அப்பால், சென்ட்ரல் நிலையத்தை அடுத்துச் செங்கற் கட்டடம் ஒன்று ஓங்கி நிற்கக் காண்பர். விக்டோரியா பொதுமண்டபம் என்பது அதன் பெயர். 1907-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள், நாஞ்சில் நாட்டு இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் அம்மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். அவதானம் என்பது கவனம். ஒரே அமர்வில் எட்டுச் செயல்களிற் கவனம் வைப்பது அட்டாவதானம், பத்தாயின் தசாவதானம், பதினாறாயின் சோடசாவதானம், நூறாயின் சதாவதானம்.

அவதான அரங்கு ஒன்றை மனக்கண்ணாற் காண்போம். அவையின் நடுவே அவதானி அமர்ந்திருப்பார். ஒருவர் அவர் முதுகின்மீது சிறு கற்களையோ நெல்மணிகளையோ அவ்வப்போது எறிவார். மற்றொருவர் இடையிடையே மணி அடிப்பார். கல் எத்தனை, மணியோசை எத்தனை என்று முடிவில் வினவுவர். வேறொருவர் ஈற்றடியைக் கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வார். இன்னொருவர் ஒரு பாடலின் எழுத்துகளை வரிசை மாற்றி, ஏழாம் எழுத்து இஃது, மூன்றாம் எழுத்து இஃது என விட்டுவிட்டுச் சொல்வார். எல்லா எழுத்தும் வந்து சேர்ந்தபின் பாடலை முழுமையாய் ஒப்பித்தல் வேண்டும். ஒருபுறம் சதுரங்கக் காய் நகர்த்துவார். ஒருபுறம் இலக்கண ஐயம் எழுப்புவார். ஒருபுறம் ஆண்டும் திங்களும் நாளும் சொல்லிக் கிழமை கேட்பார்.

கூர்ந்து நோக்கின், அவதானி நூறு செயல்களையும் ஒரு நொடியிற் செய்வதில்லை என்பது புலனாகும். ஒரு நொடிக்கு ஒன்றுதான் செய்கிறார். வெண்பாவின் முதலடியைச் சொல்லிவிட்டுச் சதுரங்கத்தின்பாற் செல்கிறார். அங்குக் காயை நகர்த்திவிட்டு எழுத்துச் சொல்பவரிடம் செவி சாய்க்கிறார். பின்னர் வெண்பாவுக்கு மீண்டு இரண்டாமடியைத் தொடுக்கிறார். அவரை அவதானி ஆக்குவன இரண்டே. எவரிடத்தும் காத்துக்கொண்டு வாளா இராமை ஒன்று. எவரிடத்தில் எதுவரை வந்தோம் என்பதை மறவாமை மற்றொன்று. மாணவர்காள், இவ்விரண்டையும் மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போவது கணினியைப் பற்றியதாயினும், இவ்விரண்டின் விரிவே ஆகும்.

பல்லாவரத்தார் தென்மாவட்டங்களுக்குச் செல்லப் பெரும்பாலும் தாம்பரத்தில் விரைவு வண்டி ஏறுவர். முன்னாளில் இடம் பதிவு செய்வதற்கு விடியற்காலையிலேயே நிலையத்திற்குச் சென்று வரிசையில் நிற்றல் வேண்டும். 2002-ஆம் ஆண்டு ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் இணையத்தின் வழியே சீட்டு வழங்கத் தொடங்கியது. அதன்பின் வரிசை கண்ணுக்குத் தெரியாததாயிற்று. மறைந்துவிட்டது என்று எண்ணற்க. தட்கல் என வழங்கும் உடனடிப் பதிவு, குளிர்வசதிப் பெட்டிகளுக்குக் காலை 10 மணிக்கும் ஏனையவற்றிற்கு 11 மணிக்கும் திறக்கும். பல்லாவரத்திலும் பாட்னாவிலும் பம்பாயிலும் உள்ளோர் அந்நொடியில் ஒருங்கே கதவைத் தட்டுவர். நிமிடத்திற்கு 2,000 சீட்டு என்றிருந்த அளவை 7,200 ஆக உயர்த்தவும், ஒரே வேளையில் 1,20,000 பேர் இணைந்திருக்க இடந்தரவும் இவ்வமைப்பு மேம்படுத்தப்பெறும் என்று 2014 சூலைத் திங்களில் இரயில்வே வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. நூற்றுவரை ஏற்ற அவதானியை ஊரே வியந்தது. இங்கோ ஓரிலக்கத்து இருபதினாயிரவர்!

இத்தனை பேரை ஏற்று விடையிறுக்கும் கணினிக்குச் சேவையகம் என்று பெயர். கேட்போர் எவராயினும் அவர்க்கு வேண்டியதை வழங்குதல் அதன் பணி. கேட்பவரது கைப்பேசிக்கும் சேவையகத்துக்கும் இடையே ஓர் இணைப்பு ஏற்படல் வேண்டும். அவ்விணைப்பின் இரு முனைகளையும் சாக்கெட் என்பர். சுவரிலே மின்செருகியைப் பொருத்துவதற்கு ஒரு குழி உண்டன்றோ? அதற்கு வழங்கும் பெயரே இதற்கும் ஆயிற்று. 1983-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பெர்க்லி அறிஞர்கள் தம் யூனிக்ஸ் இயக்க அமைப்பின் வழியே இம்முறையை உலகிற்கு அளித்தனர். நாற்பதாண்டு கடந்தும் உலகின் சேவையகங்கள் பெரும்பாலும் அவர்கள் வகுத்த நெறியிலேயே நடக்கின்றன. இலக்கண நூல் ஒன்று நிலைபெற்றாற்போல இந்நெறியும் நிலைபெற்றுவிட்டது.

சேவையகம் முதற்கண் வாயிற் சாக்கெட் ஒன்றை அமைக்கிறது. அதன் வேலை, வருவோரின் குரலுக்குச் செவி கொடுத்திருப்பது ஒன்றே, உரையாடுவதன்று. வருபவர், 'உள்ளே வரலாமா?' என்ற குறிப்பை விடுக்கிறார். சேவையகத்தின் இயக்க அமைப்பு, 'வரலாம். நான் சொல்வது உமக்குக் கேட்கிறதா?' என்கிறது. 'கேட்கிறது' என்று வருபவர் மூன்றாம் குறிப்பை அனுப்புகிறார். இம்மூன்று குறிப்புகளும் முடிந்தால் இணைப்பு உண்டாயிற்று என்க. அவ்வாறு வந்தவரை நிரல் உடனே உள்ளே அழைக்கவேண்டும் என்பதில்லை. நம் பழைய வீடுகளில் வந்தவர் திண்ணையில் அமர்ந்திருக்க, வீட்டுக்காரர் கைவேலையை முடித்துக்கொண்டு வந்து அழைப்பார் அல்லரோ? அதுபோலச் சேவையகத்துக்கும் ஒரு திண்ணை உண்டு. லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பில் அத்திண்ணையின் மேலெல்லை நெடுங்காலம் 128 பேர் என்றே இருந்தது. 2019-இல் 4,096 ஆக விரிந்தது. வேண்டுவோர் அதனை மாற்றியும் அமைத்துக்கொள்ளலாம். திண்ணை நிறைந்தபின் வருபவர்க்கு விடை கிடையாது; அவருடைய கைப்பேசி சற்றுப் பொறுத்து மீண்டும் தட்டும். காலை 10 மணிக்குத் திரையிலே வட்டம் ஒன்று சுழன்றுகொண்டே இருப்பதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

திண்ணையிலிருந்து ஒருவரை உள்ளே அழைக்குந்தோறும் அவர்க்கெனத் தனிச் சாக்கெட் ஒன்று பிறக்கிறது. வாயிற் சாக்கெட் வாயிலிலேயே நிற்கிறது. இங்கு மாணவர் பலர்க்கும், ஏன், நிரல் எழுதுவோர் சிலர்க்குங்கூட ஒரு மயக்கம் உண்டு. கணினியில் போர்ட் எனப்படும் துறைகள் 65,536 உள. ஆதலின் ஒரு சேவையகத்தோடு அதற்குமேற் பலர் இணைதல் இயலாது என்று அவர்கள் கருதுவர். அது பிழை. வருவோர் எல்லாரும் 443 என்னும் ஒரே துறையிலேயே வந்திறங்கலாம். ஓர் இணைப்பை மற்றோர் இணைப்பினின்று பிரித்துக் காட்டுவது சேவையகத்தின் முகவரியும் துறையும் மட்டுமல்ல. வருபவரின் முகவரியும் அவர் புறப்பட்ட துறையும் சேர்ந்து நான்காகும். ஒரே வீட்டு எண்ணுக்கு நூறு மடல்கள் வருகின்றன. அனுப்பினோர் முகவரி வேறாதலின் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அவ்வாறே இதுவும்.

அடுத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் இயக்க அமைப்பு ஓர் எண்ணைத் தருகிறது. நிரல் தொடங்கும்பொழுதே 0, 1, 2 என்னும் மூன்றும் உள்வாங்கல், வெளியிடல், பிழை அறிவித்தல் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டுவிடும். எளிய நிரலொன்றில் வாயிற் சாக்கெட் 3 என்னும் எண்ணைப் பெற, முதலில் வந்தவர் 4, அடுத்தவர் 5, அதற்கடுத்தவர் 6 என்று பெறுவர். ஒருவர் விடைபெற்றுச் சென்றால் அவருடைய எண் அடுத்து வருபவர்க்குக் கிடைக்கும். ஒழிந்திருக்கும் எண்களுள் மிகச் சிறியதையே தருதல் விதி. அம்பலத்தில் பித்தளை வில்லை கொடுத்துச் செருப்பைக் காப்பவர் செய்வதும் இதுவேதான். வில்லைகளுக்கு அளவு உண்டு. ஒரு நிரலுக்கு 1,024 என்பதே லினக்ஸில் வழக்கமான தொடக்க எல்லை. சென்றவரின் எண்ணைத் திரும்ப வாங்க மறந்த நிரல், காலையில் நன்றாக நடந்து மாலையில் நின்றுபோகும். கூட்டம் மிகுதியாய் இராது. இருந்தும் புதியவரை ஏற்க எண் இராது. என் மகள் கணினித் தொழிலில் இருப்பவள். நாள்தோறும் பல்லாவரம் துரைப்பாக்கம் ஆரச் சாலை வழியே பணிக்குச் செல்பவள். இரவில் வந்த அழைப்பொன்றிற்காக விடியும்வரை கண்விழித்து அவள் தேடிக் கண்டது, மூடப்படாத சாக்கெட் ஒன்றுக்குரிய ஒரு வரியைத்தான். புள்ளி வைக்க மறந்த மெய்யெழுத்தைப் போன்றது அது என்று நான் சொன்னேன். அவள் நகைக்கவில்லை.

இனி இப்பாடத்தின் நடுவிடத்துக்கு வருவோம். வந்த பலர்க்கும் எம்முறையில் விடையிறுப்பது?

முதலாவது, ஒருவரை முடித்துவிட்டு அடுத்தவரை அழைப்பது. பல்லாண்டுகட்கு முன் ஓர் அலுவலகத்தில் நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னே நாற்பதின்மர். சாளரத்தின் முன்னின்ற மூதாட்டியார் ஒருவர், வேண்டிய தாளைத் தம் சுருக்குப்பையிலே தேடிக்கொண்டிருந்தார். பையினுள் ஒரு பொட்டலம், பொட்டலத்தினுள் மற்றொன்று. எழுத்தர் கைகட்டி அமர்ந்திருந்தார். அவர் சோம்பேறி அல்லர்; செய்வதற்கு அவர்க்கு அப்போது ஒன்றும் இல்லை, அவ்வளவே. நாற்பதின்மர்க்கும் வேலை இருந்தது. எழுத்தர்க்கும் ஓய்வு இருந்தது. ஆயினும் ஒன்றும் நடவாமற் கால் மணி நேரம் கழிந்தது. சாக்கெட்டிலிருந்து செய்தி வரும்வரை நிரல் அசையாது நிற்பதும் இந்நிலையே. கணினி ஒரு நொடியிற் கோடிக்கணக்கான கட்டளைகளை முடிக்க வல்லது. கைப்பேசிச் செய்தி கடல்கடந்தும் காடுகடந்தும் வந்து சேர்வதற்கோ நொடியிற் பத்தில் ஒரு பங்காவது ஆகும். அலைவரிசை குன்றிய சிற்றூராயின் பல நொடிகளும் ஆகும். அத்துணை நேரமும் காத்திருத்தல் அவ்வெழுத்தரின் கைகட்டலினும் எத்தனையோ மடங்கு பெரிய வீண்.

இரண்டாவது, வருபவர் ஒவ்வொருவர்க்கும் ஓர் எழுத்தரை அமர்த்துவது. கணினியில் இதற்கு இழை என்று பெயர். ஒரு நிரலுக்குள்ளே தனித்தனியே ஓடும் வேலைத்தொடர்கள் அவை. மூதாட்டியாரின் எழுத்தர் காத்திருப்பார். ஏனையோர் வேலை தடையின்றி நடக்கும். இம்முறை எளிது; நூற்றுவர் வருமிடத்துக்கு இன்றும் ஏற்றது; இதனை இகழ்வார் கூற்று எனக்கு உடன்பாடன்று. ஆயினும் எழுத்தர் ஒவ்வொருவர்க்கும் மேசையும் நாற்காலியும் வேண்டும். ஓர் இழைக்கு ஒரு மெகாபைட் நினைவிடம் எனக் கொள்வோமாயின், பதினாயிரம் இழைக்கு ஏறத்தாழப் பத்துக் கிகாபைட் ஆகும். அவ்விடம் முழுதும் பெரும்பாலும் சும்மா இருப்போர்க்கே செலவாகும். மேலும், கணினியின் செயலி சிலவே. ஓர் இழையை நிறுத்தி மற்றோர் இழையை எழுப்புந்தோறும் சிறு பொழுது கழியும். எழுத்தர் பதினாயிரவரையும் மாறி மாறி எழுப்பி உட்கார வைப்பதிலேயே நாள் போய்விடும்.

மூன்றாவது முறை அவதானியின் முறை. எழுத்தர் ஒருவரே. ஆயினும் அவர் எவரிடத்தும் காத்திரார். மூதாட்டியாரை நோக்கி, 'பாட்டி, நீங்கள் அப்பலகையில் அமர்ந்து பொறுமையாகத் தேடுங்கள். கிடைத்ததும் கையை உயர்த்துங்கள். மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டா' என்பார். உடனே அடுத்தவரை அழைப்பார். மூதாட்டியார் விரட்டப்படவும் இல்லை. பின்னின்றோர் தண்டிக்கப்படவும் இல்லை. இதனைச் செய்வதற்கு ஒவ்வொரு சாக்கெட்டையும் 'காவாத' நிலையில் வைப்பர். செய்தி இருந்தால் தரும். இல்லையேல், 'இப்போது இல்லை' என்று உடனே கூறிவிடும். நிரலைப் பிடித்து நிறுத்தாது.

அவ்வாறாயின் எவர் கையை உயர்த்தினார் என்பதை அறிவது எங்ஙனம்? பெர்க்லி அறிஞர்கள் 1983-இலேயே இதற்குச் செலக்ட் என்னும் கட்டளையைத் தந்தனர். நிரல் தன்னிடமுள்ள எண்களின் பட்டியலை இயக்க அமைப்பிடம் கொடுத்து, 'இவர்களுள் எவர் பேச விரும்புகிறார்?' என்று கேட்கும். இயக்க அமைப்பு பட்டியல் முழுவதையும் பார்த்துக் குறியிட்டுத் தரும். வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராய் அழைப்பதை ஒத்தது இது. நாற்பது மாணவர்க்கு இது போதும். பதினாயிரம் பெயரையும் படித்துப் பத்துப் பேரைக் கண்டெடுத்து, அவர்க்கு விடை சொல்லி, மீண்டும் பதினாயிரம் பெயரையும் முதலிலிருந்து படிப்பது என்றால் எப்படி இருக்கும்? அன்றியும், செலக்ட் ஏற்கும் பட்டியலின் எல்லை பெரும்பாலும் 1,024 ஆகவே இருந்தது.

1999-ஆம் ஆண்டு டான் கேகல் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இக்குறையை வெளிப்பட எடுத்துரைத்தார். ஒரே சேவையகம் ஒரே வேளையிற் பதினாயிரவர்க்கு விடையிறுக்கும் காலம் வந்துவிட்டது. பொறிகளுக்கு அவ்வாற்றல் உண்டு. நிரல்களுக்குத்தான் இல்லை என்பது அவர் கருத்து. சி10கே சிக்கல் என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. 2000-ஆம் ஆண்டு ஃப்ரீபிஎஸ்டி அமைப்பில் கேகியூ என்னும் வழியும், 2002-இல் லினக்ஸில் ஈபோல் என்னும் வழியும் தோன்றின. இரண்டன் உட்கிடையும் ஒன்றே. ஆசிரியர் பெயர் படிப்பதை விட்டுவிடுகிறார். வகுப்பிற் சேரும் நாளன்று ஒவ்வொரு மாணவன் பெயரையும் ஒருமுறை பதிந்துகொள்கிறார். அதன்பின், ஐயமுள்ள மாணவனே தன் பெயர்ச்சீட்டை மேசைமேல் வைத்துவிட வேண்டும். ஆசிரியர் மேசையை மட்டும் பார்ப்பார். பதினாயிரவருள் பத்துச் சீட்டு இருப்பின் வேலையும் பத்தின் அளவே. அவதான அரங்கில் மணி அடிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். 'அடித்தீரா, அடித்தீரா?' என்று அவதானி அவரைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஓசையே அவரிடம் வந்து சேர்கிறது. இகோர் சிசோயெவ் என்னும் உருசிய நாட்டினர் இந்நெறியில் எழுதி 2004-இல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ் என்னும் சேவையக நிரல் உலகெங்கும் பரவிற்று. ஒரு செயலிக்கு ஓர் எழுத்தர் என்ற அளவில் ஒரு சிலரை மட்டும் அமர்த்தி, ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பார்க்குமாறு செய்வது அது.

காத்திராமை பற்றிக் கூறினோம். மறவாமை பற்றி இனிக் காண்போம். நிரல் எழுதுவோர்க்கு இடர் மிகுவது இவ்விடத்திலேதான். இணைப்பின் வழியே வரும் செய்தி, மடல் உறையிலிட்டாற்போல முழுமையாய் வருவதன்று. குழாயில் நீர் வருவதுபோல வருவது. 'தாம்பரத்திலிருந்து மதுரைக்கு இருவர்' என்று ஒருவர் அனுப்பினால், 'தாம்பரத்திலிரு' என்பது முதலிலும், 'ந்து மதுரை' என்பது பின்னரும், 'க்கு இருவர்' என்பது அதற்கும் பின்னரும் வரலாம். வரிசை மாறாது, அதனை இயக்க அமைப்பே காக்கும். ஆனால் எங்கே துண்டுபடும் என்பதற்கு உறுதி இல்லை. இழைமுறையில் அந்தந்த எழுத்தர் தம் வாடிக்கையாளரின் அரைகுறைச் சொல்லைத் தம் மனத்திலேயே வைத்திருப்பார். அவதான முறையிலோ எழுத்தர் ஒருவர். பதினாயிரம் அரைகுறைச் சொற்கள்! ஆதலின் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சிறு குறிப்பேடு வேண்டும். 57-ஆம் எண்ணுக்குரியவர் எவ்வளவு சொன்னார், அவர்க்கு எவ்வளவு விடை சென்றது, எஞ்சியது எவ்வளவு என்பன அதில் இருக்கும். எழுத்துகளை விட்டுவிட்டுக் கேட்டு, இறுதி எழுத்து வந்து சேரும்வரை மனத்திலே கட்டம் கட்டி வைத்திருந்து, பின்னர் முழுப் பாடலையும் ஒப்பிக்கும் அவதானியின் திறம் இதுவன்றோ? 57-ஆம் ஏட்டில் எழுதவேண்டியதை 58-ஆம் ஏட்டில் எழுதிவிடின், மதுரைக்குக் கேட்டவர்க்கு மைசூர் கிடைக்கும்.

அவதானிக்குரிய மற்றொரு கட்டுப்பாடும் இங்கு உண்டு. அரியதொரு வெண்பாவில் அவர் ஐந்து நிமிடம் ஆழ்ந்துவிட்டால் கல்லும் மணியும் தவறிப்போகும். அதுபோலவே ஓர் இணைப்புக்காக நீண்ட கணக்கொன்றைச் செய்யத் தொடங்கினாலோ, கிடங்கிலுள்ள பழைய ஏட்டைத் தேடப் போனாலோ, அத்துணை நேரமும் பிற இணைப்புகள் அனைத்தும் நின்றுவிடும். இழைமுறையில் ஒருவரின் தாமதம் அவரை மட்டும் தாக்கும். இம்முறையில் எல்லாரையும் தாக்கும். ஆகவே நெடிய வேலைகளை உதவியாளர் சிலரிடம் ஒப்படைத்து, முடிந்ததும் அவர்களும் மேசைமேற் சீட்டு வைக்குமாறு செய்வர். எனவே இழைமுறை முற்றும் ஒழிந்துவிடவில்லை. தனக்குரிய இடத்திற்குச் சென்று அமர்ந்தது என்க.

பலகையில் அமர்ந்த மூதாட்டியாரை மறந்துவிட்டோம். அவர் எவ்வளவு நேரம் அங்கு அமர்ந்திருக்கலாம்? ஒரு நாழிகையா? மாலை வரையா? இதற்கு விடை எளிதன்று. 2009-ஆம் ஆண்டு ஸ்லோலோரிஸ் என்னும் தாக்குதல் முறை ஒன்று வெளிப்பட்டது. கடவூர்க் காடுகளிலே நாம் காணும் தேவாங்கின் உறவான ஓர் உயிரினத்தின் பெயரே அதற்கு இடப்பட்டது. ஏனெனில் அவ்வுயிரினம் மிக மெல்ல நகர்வது. தாக்குவோன் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறப்பான். ஒவ்வொன்றிலும் கேள்வியை முடிக்காமல், சில நொடிக்கு ஒருமுறை ஓரிரு சொற்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பான். ஒருவர்க்கு ஓர் எழுத்தர் என்றிருந்த சேவையகங்களில் எழுத்தர் அனைவரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு அமர, உண்மையாய் வந்தோர் திண்ணையிலேயே நின்றனர். பெருங்கூட்டமோ பேராற்றலோ அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு கணினி போதுமாயிருந்தது. அவதான முறைச் சேவையகங்கள் இதனை ஓரளவு தாங்கின. அவற்றில் காத்திருப்பவர்க்குச் செலவு ஓர் எண்ணும் ஒரு குறிப்பேடுமே ஆதலின்.

ஆதலால் ஒவ்வோர் இணைப்புக்கும் கால எல்லை வைத்தல் இன்றியமையாததாயிற்று. இத்தனை நொடிக்குள் கேள்வி முடியாவிடின் இணைப்பு அறுக்கப்படும். ஆனால் எல்லையை எத்தனை நொடி என்று வைப்பது? தேவாங்குக்கு அஞ்சி ஐந்து நொடி என்று வைத்தால், மலையடிவாரத்தில் அலைவரிசை ஒரு கோடு மட்டும் காட்டும் கைப்பேசியை வைத்துக்கொண்டு தன் மகனின் தேர்வுக் கட்டணத்தைச் செலுத்த முயலும் தாயின் இணைப்பும் அறுபடும். சேவையகத்தின் பார்வையில் கயவனும் அத்தாயும் ஒருவரே. இருவரும் மெல்லப் பேசுகின்றனர். ஐந்து நிமிடம் என்று வைத்தாலோ கயவனுக்குக் கொண்டாட்டம். அறிவுடையோர் ஒரே எல்லை வைக்காமல், ஒரு முகவரியிலிருந்து எத்தனை இணைப்பு வருகிறது, நொடிக்கு எத்தனை எழுத்தேனும் வந்துகொண்டிருக்கிறதா, முன்னர் அறிமுகமானவரா என்பனவற்றையும் சேர்த்து நோக்குவர். விரைந்த இணைப்புள்ள நகரத்து மேசையில் அமர்ந்து எல்லை வகுப்போர் எண்ணிப் பாராத ஒன்று இது என்பது என் கருத்து. அவர்கள் ஒருமுறையேனும் வெளியூர்ப் பேருந்தில் அமர்ந்து தம் நிரலைத் தாமே பயன்படுத்திப் பார்த்தல் வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் தட்கல் நேரத்தில் எல்லார்க்கும் இடம் கிடைத்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். இணைப்பை ஏற்பது வேறு. இருக்கையைத் தருவது வேறு. ஆயிரவர் ஒரே படுக்கையைக் கேட்டால், அவர்தம் கேள்விகள் ஆயிரம் சாக்கெட்டுகளின் வழியே தனித்தனியே வந்திருப்பினும், இருக்கைப் பதிவேட்டின் முன் அவை ஒற்றை வரிசையாகவே நின்றாக வேண்டும். இன்றேல் ஒரு படுக்கைக்கு இருவர் சீட்டோடு வந்து நிற்பர். 999 பேர்க்கு 'இல்லை' என்ற விடையேதான் செல்லும். அதனை விரைந்து சொல்லிவிட்டால், அவர்கள் பேருந்தையாவது பார்ப்பார்கள்.

எஞ்சியிருப்பது விடைபெறும் முறை. வருகைக்கு மூன்று குறிப்பு என்று கண்டோம். செல்கைக்கு இருபாலும், 'நான் முடித்துக்கொண்டேன்' என்று சொல்லவும், 'அறிந்தேன்' என்று மறுமொழி கூறவும் வேண்டும். ஒருவர் முடித்தாலும் மற்றவர் சொல்ல எஞ்சியிருப்பின் சொல்லலாம். இடையிலே கதவை அறைந்து சாத்துவது மரபன்று. முதலில் விடைபெற்ற பக்கத்தின் இயக்க அமைப்பு அம்முகவரி இணையைச் சிறிது நேரம், லினக்ஸில் 60 நொடி, நினைவில் வைத்திருக்கும். வழியில் தங்கிவிட்ட பழைய செய்தித் துண்டு ஏதேனும் பிந்தி வந்தால், அது புதிய இணைப்பொன்றிற் கலந்துவிடாதிருத்தற்கு இவ்வேற்பாடு. எண்ணுக்கோ அக்காத்திருப்பு இல்லை. நிரல் சாக்கெட்டை மூடிய அந்நொடியே அது ஒழிந்துவிடும். பல்லாவரத்தில் ஒருவர் 4-ஆம் எண்ணில் தம் சீட்டைப் பெற்றுக் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைப்பதற்குள், அதே 4-ஆம் எண் திண்ணையில் அடுத்திருந்த எவர்க்கோ, ஒருகால் திருநெல்வேலியில் உள்ளவர்க்கு, போய்ச் சேர்ந்திருக்கும்.